சண்டைப் பரீட்சையில் தோற்ற கிளாரினெட்காரர்

போன வாரம் ஒரு பேண்டு செட்டின் புது மேனேஜர் என் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். கையில் இரண்டு செல்போன். "அண்ணா, கிளாரினெட்டுக்கு ஆள் வேணும்னு குரூப்ல போட்டேங்க. நாப்பத்தி மூணு பேர் ஆடியோ அனுப்பிக்கிறான். எல்லாமே நல்லாதான் கீது. எவனைப் புடிக்கிறதுன்னே தெரியலிங்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். ஒன்பதாவதில் எனக்குக் கண் சொருகிவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, சரியாக வரும்வரை பத்துத் தடவை பதிவு செய்து அனுப்பினால் யார்தான் நன்றாக ஊதமாட்டார்கள்? நானே ஊதுவேன்.

எனக்கு ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்லிப் பழக்கமில்லை. அவர் போன பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் போகிற தெரு ஒன்றில் இருந்த பேண்டு செட்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். முதல் நான்கு வருஷம் சைட் டிரம் அடித்தேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு போனதும் குச்சி பிடிக்க முடியவில்லை. முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பாமல் மேனேஜர் ஆக்கினார். மேனேஜர் என்றால் ஒரு நாற்காலியாவது கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கொடுத்தது ஒரு பழைய மொபெட். ஊர் ஊராகப் போய் ஆள் தேடுவதுதான் வேலை. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டு ஆரம்பித்தால் சைட் டிரம்காரர் போய்விடுவார். அரக்கோணத்தில் நிரந்தர வேலை கிடைத்தால் டிரம்பெட்காரர் போய்விடுவார். ஜால்ராக்காரர் காரணமே இல்லாமல் போய்விடுவார். பன்னிரண்டு பேர் கொண்ட பேண்டில் பன்னிரண்டு பேரும் ஒன்றாக ஒரு வருஷம் இருந்து நான் பார்த்ததில்லை.

முதலாளி பெயர் ஏகாம்பரம். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். டிரம்பெட் ஊதிக்கொண்டு முன்னால் நடப்பவர் அவர்தான். குள்ளம், ஆனால் வாத்தியத்தைத் தூக்கினால் தெருவே அவர் உயரத்துக்கு இறங்கி வரும். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிராளியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவார். திட்டும்போது மட்டும் முகத்தைப் பார்ப்பார். ஆகவே அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்தாலே நாங்கள் வாத்தியத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவோம்.

ஆள் எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் கோட்டு. எங்களிடம் சரிகை வைத்த சிவப்புக் கோட்டுகள் பன்னிரண்டு இருந்தன. யார் போனாலும் அவருடைய கோட்டு எங்களிடம் தங்கிவிடும். புது ஆள் அந்தக் கோட்டுக்குள் நுழைய வேண்டும். தொப்பை காரணமாக நல்ல வித்வான்கள் சிலரை நாங்கள் இழந்திருக்கிறோம்.

அடுத்தது நடை. சும்மா உட்கார்ந்து ஊதுவதை மாஸ்டர் காது கொடுத்தே கேட்கமாட்டார். தெருமுனை வரை ஊதிக்கொண்டே போய்த் திரும்பி வர வேண்டும். வழியில் வேகத்தடை இரண்டு, மூடியில்லாத சாக்கடை ஒன்று, எப்போதும் படுத்திருக்கும் மாடு ஒன்று. இவ்வளவையும் தாண்டி வருகிறவர் சுருதி விடாமல் வந்தால் பாஸ்.

மூன்றாவதுதான் சண்டைப் பரீட்சை.

"ஊதறவன் நூறு பேர் கெடைப்பான்," என்பார் மாஸ்டர், சுவரைப் பார்த்து. "ஊதிகினே நடக்கறவன் பத்து பேர் கெடைப்பான். சண்டை வந்தாலும் நிறுத்தாம ஊதறவன் ஒருத்தன் கெடைச்சா பெரிசு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாண ஊர்வலத்தில் சண்டை வராவிட்டால்தான் ஜனங்களுக்கு ஏதோ குறை. சண்டை வந்ததும் பேண்டு நின்றுவிட்டால் கதை முடிந்தது. எல்லோருக்கும் எல்லோர் பேச்சும் தெளிவாகக் கேட்டுவிடும். பேண்டு தொடர்ந்து ஊதினால் பாதிப் பேர் தானாக ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கே.ஜி.கண்டிகையில் ஒரு கல்யாணத்தில் ஒருவர் இன்னொருவர் தலையில் போட நாற்காலியைத் தூக்கினார். எங்கள் ஆட்கள் தாளத்தை ஒரு படி ஏற்றினார்கள். தூக்கிய நாற்காலியோடு அவர் ஆட ஆரம்பித்து, அரைமணி நேரம் ஆடிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்தார். நான் கண்ணால் பார்த்தது.

பரீட்சை இப்படி நடக்கும். வந்தவர் மூன்றாவது பாட்டு ஊதும்போது, பக்கத்துக் கடை டைலர் தசரதன் வெளியே வந்து கோட்டுப் பட்டனைப் பற்றி என்னிடம் ஏதாவது கேட்பார். நான் எடுத்தெறிந்து பேசுவேன். அவர் என் சட்டையைப் பிடிப்பார். நான் அவர் கழுத்தைப் பிடிப்பேன். இருவரும் உருண்டு, ஊதுகிறவர் காலடியில் போய் விழ வேண்டும். அப்போது நான் "இது நெஜம்டா, நெஜம்டா!" என்று கத்த வேண்டும். கடைசியாக மாஸ்டர் உள்ளேயிருந்து ஓடிவந்து, "நிறுத்துடா! வாத்தியத்தை நிறுத்துடா!" என்று தலையில் அடித்துக்கொள்வார். அதற்கும் நிறுத்தாமல் ஊதினால் வேலை. சம்பந்தமில்லாத ஆயிரம் பேர் நிறுத்து என்று கத்துவார்கள், எவன் பேச்சையும் கேட்கக் கூடாது என்பது அவர் சித்தாந்தம்.

எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ஒருவர் எங்கள் டிரம்பெட்டோடு ஓடிவிட்டார். அரக்கோணம் பஸ்ஸை வழிமறித்து வாங்கி வந்தேன். ஒருவர் தசரதனோடு சேர்ந்துகொண்டு என்னை நிஜமாகவே மிதித்தார். ஒருவர் ஒரு கையால் ஊதி மறு கையால் வீடியோ எடுத்தார். பேஸ் டிரம்முக்கு வந்த கோபால், டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அடியை மட்டும் விடாமல் அடித்தார். அவரை மாஸ்டர் அன்றே சேர்த்துக்கொண்டார். இப்படிப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த பேண்டு அது. எங்கள் ஆட்கள் பக்கத்தில் இடி விழுந்தாலும் தாளம் தப்பமாட்டார்கள் என்று பெயர்.

இந்த நிலையில் மாஸ்டரின் ஒரே மகள் ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆந்திராவில் நகரிப் பக்கம். அவருடைய அப்பா தறி வைத்திருக்கிறார், தெலுங்குக் குடும்பம், நல்ல மனிதர்கள். எல்லாம் பொருந்தி வந்த பிறகுதான் ஒரு சிக்கல் மாஸ்டருக்கு உறைத்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெண்ணைப் பெற்றவர் தட்டோடு எதிரே நின்று வரவேற்க வேண்டும். தட்டும் கையுமாக நிற்கிறவர் டிரம்பெட் ஊத முடியாது. அப்படியானால் முன்னால் நடப்பது யார்? வேறு செட்டைக் கூப்பிட்டால் மானம் போகும். கூப்பிடாவிட்டாலும் அரக்கோணம் முதல் புத்தூர் வரை உள்ள எல்லா பேண்டு மாஸ்டர்களுக்கும் பத்திரிகை வைத்தாயிற்று. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

"ஊர்ல எவன் எவன் பொண்ணுக்கோ ஊதினேன். எம் பொண்ணுக்கு எவன் ஊதுவான்?" என்றார் மாஸ்டர். அன்று அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மூன்று வாரம் இருந்தது.

நான் மொபெட்டை எடுத்தேன். பதினேழு பேரைப் பார்த்தேன். கோட்டில் ஏழு பேர் போனார்கள், நடையில் ஐந்து பேர், சண்டையில் நான்கு பேர். எனக்கும் தசரதனுக்கும் உடம்பெல்லாம் சிராய்ப்பு. பதினேழாவது ஆள் முனிரத்னம்.

கே.ஜி.கண்டிகையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் நம் தமிழ். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு. கோட்டு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. கிளாரினெட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். ஊதிக்கொண்டே தெருமுனைக்குப் போனார், சாக்கடையைத் தாண்டினார், மாட்டைச் சுற்றி வந்தார். அந்த மாடு எழுந்து நின்று பார்த்தது. நான் இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு கிளாரினெட் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது பாட்டில் தசரதன் வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தார்.

உடனே பாட்டு நின்றது.

முனிரத்னம் கிளாரினெட்டைத் துண்டில் சுற்றிப் பத்திரமாகத் திண்ணைமேல் வைத்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். தசரதனை ஸ்டூலில் உட்கார வைத்தார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கழன்று கிடந்த என் செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டார்.

"அண்ணா, இம்மாம் வயசுக்கு ரோட்ல உருள்றீங்களே. இன்னா பிரச்சனை, சொல்லுங்க. யார் மேல தப்போ பேசிக்கலாம்" என்றார்.

நாங்கள் நடித்துக்கொண்டிருந்தோம் என்பது உண்மை. ஆனால் எனக்கும் தசரதனுக்கும் இரண்டு வருஷமாக ஒரு பட்டன் தகராறு உள்ளூர இருந்ததும் உண்மை. முனிரத்னம் கேட்ட கேள்விகளில் அது வெளியே வந்து, பத்து நிமிஷத்தில் தீர்ந்தே போய்விட்டது. மாஸ்டர் உள்ளேயிருந்து ஓடிவந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய கட்டத்தில், நானும் தசரதனும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"பெயிலு. அனுப்பிடு" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், இப்டி ஒருத்தன் இனிமே கெடைக்க மாட்டான். காதால கேட்டீங்க இல்ல?"

"கேட்டேன். அவன் ஊதறது தேனு. ஆனா நம்ம சம்பந்தி ஜனத்துல ஒருத்தன் சத்தமா தும்மினா இவன் நிறுத்திட்டு தைலம் தேய்க்கப் போவான். எம் பொண்ணு கல்யாணம்பா அது. அரைநிமிஷம் நின்னாக்கூட அத்தினி மாஸ்டரும் சிரிப்பானுங்க."

நான் விடவில்லை. ஒரு வாரம் மன்றாடினேன். கடைசியில், "எதாச்சும் ஆச்சுன்னா நீ அன்னியோட வேலைய வுட்டுட்டு வூட்டுக்குப் போ" என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. முனிரத்னத்திடம் சண்டைப் பரீட்சையை விளக்கி, கையெடுத்துக் கும்பிட்டு, "யார் யாரை அடிச்சாலும் நிறுத்தாதப்பா" என்றேன். "சரிங்கண்ணா, முயற்சி பண்றேன்" என்றார். அந்த 'முயற்சி' எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஊர்வலம் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பியது. பூ வைத்த காரில் மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும். முன்னால் எங்கள் பன்னிரண்டு சிவப்புக் கோட்டுகள். முனிரத்னம் எடுத்த எடுப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாஸ்டர்களில் இரண்டு பேர் கையைப் பிரித்துவிட்டார்கள். மண்டப வாசலில் தட்டோடு நின்ற எங்கள் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். பரவாயில்லை, வேலை தப்பித்தது என்று நினைத்தேன்.

இரு மாநிலக் கல்யாணங்களுக்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. இரண்டு தமிழ்ப் பாட்டு, இரண்டு தெலுங்குப் பாட்டு, மாற்றி மாற்றி. அன்று ஒரு தமிழ்ப் பாட்டின் நடுவில் இன்னொரு தமிழ்ப் பாட்டை நுழைத்து ஊதினார்கள். அது ஒன்றா, இரண்டா? மாப்பிள்ளையின் அக்கா புருஷன் வந்து, எங்களுக்கு ஒரு பாட்டு பாக்கி என்றார். ரேவதியின் தாய்மாமன், அதெல்லாம் ஒரே பாட்டுதான் என்றார். அவர் ஒரு வார்த்தை சொல்ல, இவர் இரண்டு சொல்ல, மண்டபத்துக்கு இருபதடி தூரத்தில் கைகலப்பு ஆகிவிட்டது. மாஸ்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடுவில் ஓடினார். யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். பட்டுச் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது.

"நிறுத்துங்கடா! வாத்தியத்தை நிறுத்துங்கடா!" என்று கத்தினார் மாஸ்டர்.

எங்கள் ஆட்கள் இன்னும் பலமாக ஊதினார்கள்.

நான் கோபாலிடம் ஓடினேன். அவர் பேஸ் டிரம்மை வெளுத்து வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "மேனேஜர்! இந்த தபா நெறைய ஆள் செட் பண்ணிக்கிறீங்க! மாஸ்டர் சட்டையவே கிழிச்சிக்கினாரு, சூப்பரு!"

"டேய், இது நெஜம்டா! நெஜம்டா!" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான், இத்தனை வருஷமாக நான் கத்தியதும் இதே வசனம்தான் என்பது நினைவுக்கு வந்தது. கோபால் இன்னும் சந்தோஷமாக அடித்தார்.

சம்பந்தி காரிலிருந்து இறங்கினார். அவர் பார்த்தது இதைத்தான்: அவருடைய ஆட்கள் அடிபடுகிறார்கள், பெண் வீட்டு பேண்டு அதற்குக் குதூகலமாகத் தாளம் போடுகிறது. யாராக இருந்தாலும் வேறு என்ன நினைப்பார்கள்? அவர் முகம் கறுத்துவிட்டது. "எங்க ஜனத்த அடிச்சிட்டு மேளம் அடிச்சி கொண்டாடறீங்களா? போதும் உங்க சம்பந்தம்" என்றவர், டிரைவர் பக்கம் திரும்பி, "பண்டி திப்புரா" என்றார். வண்டியைத் திருப்பச் சொல்கிறார் என்பது தெலுங்கு தெரியாதவர்களுக்கும் புரிந்துவிட்டது. டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டார். மண்டப மாடி ஜன்னலில் ரேவதி நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். என் வேலை போவது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெண் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது கிளாரினெட் நின்றது.

முனிரத்னம் வாத்தியத்தைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். நேராகப் போய்க் காருக்குப் பின்னால் நின்றார். டிரைவர் பிரேக் போட்டார்.

"நைனா, கோச்சிக்காத. ஒரே ஒரு வார்த்த கேளு" என்றார் சம்பந்தியிடம். "இவங்க கொண்டாடல நைனா. இந்த செட்டுல வேலைக்கு சேக்கும்போது பொய்யா ஒரு சண்டை போட்டுக் காமிப்பாங்க. நிறுத்துன்னு மொதலாளியே கத்துவாரு. நிறுத்தாம ஊதினாதான் வேலை. இதுவும் பரீட்சைன்னு நெனச்சிகினு ஊதறாங்க, பாவம்."

சம்பந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நீ ஏன் நிறுத்தின?"

"நா அந்த பரீட்சையில பெயிலு, நைனா."

முதலில் சிரித்தது காருக்குள் இருந்த மாப்பிள்ளை. சம்பந்தி சிரிக்கவில்லை. கிழிந்த சட்டையோடு மூச்சு வாங்க நின்ற மாஸ்டரிடம் போனார். "நெஜமாவே இப்டி ஒரு பரீட்சை வெச்சிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

மாஸ்டர் பக்கத்தில் சுவர் இல்லாததால் தரையைப் பார்த்தார். "ஆங்" என்றார்.

அதற்குள் நான் பேஸ் டிரம்மைக் கட்டிப்பிடித்துத் தொங்கி நிறுத்தியிருந்தேன். சம்பந்தி கோபாலைப் பார்த்தார், அவர் கழுத்தில் டிரம்மோடு சேர்ந்து தொங்கிய என்னைப் பார்த்தார். அதன் பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க ஜனத்துல நாலு பேருக்கு மொதல்ல இந்த பரீட்சை வெக்கணும்யா" என்று சொல்லி, தன் தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து மாஸ்டரின் கிழிந்த சட்டைமேல் போர்த்தினார். பாக்கியிருந்த தெலுங்குப் பாட்டை முனிரத்னம் ஊதினார். சட்டையைப் பிடித்தவரும் பிடிபட்டவரும் ஆடினார்கள். வந்திருந்த மாஸ்டர்களும் சிரித்தார்கள்தான். அந்தச் சிரிப்பு அடுத்த முகூர்த்தம் வரை எங்களை ஓட ஓட விரட்டியது. ஆனால் கல்யாணம் நடந்தது.

மாஸ்டர் எனக்கு நன்றி சொல்லவில்லை. மறுநாள் காலை, தாலி கட்டி முடிந்த பிறகு, பந்தலில் என் பக்கத்தில் வந்து நின்று தூணைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே பாஸான பதினோரு பேருக்கு பெயிலான ஒருத்தன் வேணும். தேடி வெச்சிக்க." இருபத்தாறு வருஷத்தில் அவர் தன் முறையை மாற்றிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். என்னைக் கேட்டால், நாற்பத்து மூன்று ஆடியோவிலும் கேட்காத விஷயம் அந்தப் பெயில்தான்.

மதியச் சாப்பாடு முடிந்து, பெண்ணை நகரிக்கு அனுப்பும் நேரம். ரேவதி காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி அப்பாவைப் பார்த்தாள். பேண்டு ஊதிக்கொண்டிருந்தது. மாஸ்டர் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, நேராக வந்து இரண்டாம் வரிசைக்காரரிடமிருந்து டிரம்பெட்டை வாங்கினார். தகப்பன் வேலை முடிந்துவிட்டது, இனி என் வேலை என்பதுபோல் முன்னால் போய் நின்றார். முனிரத்னம் ஒதுங்கி வழிவிட்டார்.

மாஸ்டர் ஊதினார். ஒரு வரிதான் வந்தது. கார் நகர்ந்தது. அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தவருக்கு உதடு கோணிக்கொண்டது. டிரம்பெட் வாயில் இருக்கிறது, சத்தம் வரவில்லை. யார் செத்தாலும் பிழைத்தாலும் நிறுத்தாத மனிதர், அத்தனை மாஸ்டர்கள் முன்னால், நடுத்தெருவில் நிறுத்திவிட்டார். முனிரத்னம் இப்போது கிளாரினெட்டைத் துண்டில் சுற்றிவிட்டு அவரைப் பிடித்துக்கொள்ளப் போவார் என்று நினைத்தேன். அப்படிப்பட்ட மனுஷர்தானே.

முனிரத்னம் மாஸ்டரின் தோளோடு தோள் உரச வந்து நின்றார். அறுந்த இடத்திலிருந்து அடுத்த வரியை எடுத்தார். கார் திருப்பத்தில் மறையும்வரை அவர் நிறுத்தவே இல்லை.